டால்மேஷியக் கடற்கரையில் பத்து நாள்: டுப்ரோவ்னிக்கே போதுமா என்று கேட்டவருக்கு

கேட்கப்பட்ட கேள்வி இது: "செப்டம்பரில் பத்து நாள் விடுப்பு கிடைக்கிறது. நான், மனைவி, பன்னிரண்டு வயது மகள், எழுபது வயது அம்மா என நால்வர். அம்மா சுத்த சைவம், முழங்கால் வலியும் உண்டு. கடலும் வேண்டும், பழைய ஊர்களும் வேண்டும் என்பதால் குரோஷியா என்று முடிவு செய்திருக்கிறோம். டுப்ரோவ்னிக்கிலேயே பத்து நாளும் தங்கிவிடலாமா, இல்லை தினம் ஓர் ஊராகப் பார்த்துக்கொண்டே போகலாமா?"

இரண்டுமே வேண்டாம். டுப்ரோவ்னிக்கில் பத்து நாள் இருந்தால் நான்காம் நாளே கையில் காசும் காலில் தெம்பும் தீர்ந்துவிடும். தினம் ஓர் ஊர் என்று ஓடினால் பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே விடுமுறை கழியும். ஒன்பது இரவுகளை ஸ்ப்ளிட்டில் ஐந்து, கோர்ச்சுலா தீவில் இரண்டு, டுப்ரோவ்னிக்கில் இரண்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ளிட்டில் இறங்கி, டுப்ரோவ்னிக்கிலிருந்து விமானம் ஏறுகிற மாதிரி டிக்கெட் எடுத்தால், வந்த வழியே திரும்பிப் போகும் ஒரு நாள் மிச்சமாகும்.

நான் முதன்முதலில் அங்கே போனது குரோஷியாவின் பழைய குனா நாணயம் புழங்கிய காலத்தில். முதல் பயணத்தில் பன்னிரண்டு நாளில் எட்டு ஊர் பார்த்தேன். இன்று யோசித்தால் எட்டு பஸ் நிலையங்கள்தான் நினைவில் தெளிவாக நிற்கின்றன. அடுத்தடுத்த பயணங்களில் ஊர்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வந்தேன்.

செப்டம்பரைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. கோடை முழுக்கச் சூடேறிய கடல் அப்போதும் குளிக்க இதமாகவே இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பாவே அங்கே வந்து இறங்கும். அறை வாடகையும் எகிறும், நண்பகல் வெயிலில் வெள்ளைக் கல் தரை தோசைக்கல்லாகக் காயும். அம்மாவை அந்த மாதங்களில் அழைத்துப் போகவே கூடாது.

டால்மேஷியா என்பது குரோஷியாவின் ஒல்லியான ஒரு கரைத்துண்டு. பின்னால் மொட்டைச் சுண்ணாம்புக்கல் மலை, முன்னால் ஏட்ரியாட்டிக் கடல், கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகள். குரோஷியாவுக்குச் சிறிதும் பெரிதுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் உண்டு. மக்கள் நிரந்தரமாக வாழ்வது ஐம்பதுக்கும் குறைவானவற்றில்தான். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1797 வரை இந்தக் கரையின் பெரும்பகுதி வெனிஸ் குடியரசின் கையில் இருந்தது. அதனால் ஊருக்கு ஊர் கோட்டை வாயில்களிலும் மணிக்கூண்டுகளிலும் சிறகு முளைத்த ஒரு சிங்கம் செதுக்கப்பட்டிருக்கும். அதுதான் வெனிஸின் முத்திரை. உங்கள் மகளிடம் அந்தச் சிங்கங்களை எண்ணிக்கொண்டே வரச் சொல்லுங்கள். ட்ரோகிர், ஷிபெனிக், ஹ்வார், கோர்ச்சுலா எல்லா இடத்திலும் கணக்கு ஏறும். டுப்ரோவ்னிக் வந்ததும் நின்றுபோகும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஸ்ப்ளிட். இதைப் படகு மாறும் ஊராகக் கருதி ஒரே இரவில் கடந்து போகிறவர்கள்தான் அதிகம். அது பெரிய இழப்பு. ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் இந்த வட்டாரத்துக்காரர். 305-ஆம் ஆண்டு தாமாகவே அரியணையிலிருந்து இறங்கினார். அதுவரை எந்த ரோமப் பேரரசரும் அப்படி விரும்பி ஓய்வு பெற்றதில்லை. ஓய்வுக்காலத்துக்கென்று கடலோரத்தில் ஏறக்குறைய 215 மீட்டர் நீளமும் 180 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு மாளிகையைக் கட்டிக்கொண்டார். எதிரே தெரியும் பிராச் தீவிலிருந்து கல் வந்தது. எகிப்திலிருந்து கருங்கல் ஸ்பிங்க்ஸ் சிலைகள் வந்தன. மீண்டும் அரியணைக்கு வாருங்கள் என்று அழைத்தவர்களிடம், என் தோட்டத்து முட்டைக்கோஸைப் பார்த்தால் இப்படிக் கேட்கமாட்டீர்கள் என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு.

அவருக்குப் பிறகு நடந்ததுதான் சுவாரசியம். ஏழாம் நூற்றாண்டில் பக்கத்துப் பெருநகரமான சலோனா அழிந்தபோது, அங்கிருந்து தப்பியவர்கள் காலியாகக் கிடந்த இந்த மாளிகைக்குள் புகுந்தார்கள். புகுந்தவர்கள் வெளியே வரவே இல்லை. மண்டபங்கள் வீடுகளாயின, நடைக்கூடங்கள் தெருக்களாயின. 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது என்றாலும் இன்றும் அது குடியிருப்புதான். கொரிந்தியத் தூணை அணைத்தபடி ஒரு சமையலறைச் சுவர் நிற்கும்; இரண்டு ரோம ஜன்னல்களுக்கு நடுவே துணி காயும். மாளிகைக்குள் நுழைய டிக்கெட் கிடையாது, ஏனென்றால் அது ஊர். கிறிஸ்தவர்களைக் கடுமையாக ஒடுக்கியவர் டயோக்ளீஷியன். சலோனாவின் ஆயர் டொம்னியஸ் அந்த ஒடுக்குமுறையில் கொல்லப்பட்டார். இன்று டயோக்ளீஷியனின் எண்கோணக் கல்லறை மண்டபம் அதே டொம்னியஸின் பெயர் தாங்கிய தேவாலயம். பேரரசரின் உடல் என்ன ஆனது என்பது யாருக்கும் தெரியாது.

தரைக்குக் கீழே உள்ள நிலவறைகளுக்கு மட்டும் கட்டணம் உண்டு, தாராளமாகக் கொடுக்கலாம். மேலே வாழ்ந்தவர்கள் பல நூற்றாண்டுகளாகத் தரையில் ஓட்டை போட்டுக் குப்பையையும் கழிவையும் கீழே தள்ளினார்கள். அந்தக் குப்பைதான் ரோமக் கட்டுமானத்தை அப்படியே காப்பாற்றித் தந்தது. கடந்த நூற்றாண்டில் தோண்டி எடுத்தபோது, மேலே அழிந்துபோன அறைகளின் அமைப்பு கீழே அச்சுப்போல் கிடைத்தது.

அம்மாவுக்கும் ஸ்ப்ளிட் தோதான ஊர். மாளிகைப் பகுதி பெரும்பாலும் சமதளம். கடலையொட்டி 'ரிவா' என்று பனைமரங்களும் பெஞ்சுகளும் கொண்ட அகலமான நடைபாதை. காலையில் வெள்ளி வாயிலுக்கு வெளியே கூடும் சந்தைக்கு அவரை அழைத்துப் போங்கள். செப்டம்பரில் அத்தியும் திராட்சையும் கொட்டிக் கிடக்கும். மறுபக்கம் உள்ள மீன் சந்தைக்கு அவர் வரமாட்டார், நீங்கள் மட்டும் எட்டிப் பார்க்கலாம். அருகிலேயே கந்தக நீரூற்று இருப்பதால் அந்த மீன் சந்தையில் ஈ மொய்ப்பதில்லை என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். நான் தேடிப் பார்த்தேன், மொய்க்கவில்லை. பதிலாக லேசான அழுகல் முட்டை வாடை அந்தத் தெருவில் நிரந்தரம்.

நேரக் கணக்கு ஒன்று சொல்கிறேன், இந்தக் கரை முழுக்கப் பொருந்தும். காலை ஆறு முதல் ஒன்பது வரை ஊரைப் பாருங்கள். பத்து முதல் நான்கு வரை உல்லாசக் கப்பல்களிலிருந்து இறங்கியவர்களுக்கு ஊரை விட்டுக்கொடுத்துவிட்டுக் கடலில் கிடங்கள், அறையில் தூங்குங்கள். மாலை ஆறுக்கு மேல் ஊர் திரும்பவும் உங்களுடையது. ஆறரை மணிக்கு அந்த மாளிகையின் நடு முற்றத்தில் நின்றிருக்கிறேன். ஒரு பெண்மணி மளிகைப் பையோடு அதைக் குறுக்கே கடந்து போனார்; ஆயிரத்து எழுநூறு ஆண்டுத் தூண்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவருக்கு அது வீட்டுக்குப் போகும் வழி.

கடலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மெரினா மாதிரி மணற்பரப்பை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இங்கே கரை என்றால் கூழாங்கல், பாறை, அல்லது படிக்கட்டு வைத்த சிமென்ட் மேடை. தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருப்பதற்கும் மணல் இல்லாதது ஒரு காரணம். பாறை இடுக்குகளில் முள் நிறைந்த கடல் முள்ளெலி இருக்கும். மிதித்தால் முள் உடைந்து உள்ளேயே தங்கிவிடும். கடற்கரைக் கடைகளில் விற்கும் ரப்பர் நீச்சல் காலணியை நால்வருக்கும் முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

விதிவிலக்கு, மாளிகையிலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில் உள்ள பாச்விட்ஸே. மணல் தரை, நெடுந்தூரம் கணுக்கால் அளவே தண்ணீர். அங்கே 'பிட்சிகின்' என்றொரு ஆட்டம் ஆடுவார்கள். தோல் உரித்த டென்னிஸ் பந்தை உள்ளங்கையால் தட்டி, தண்ணீரில் விழாமல் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான். நாலைந்து பேர் வட்டமாக நிற்பார்கள். புள்ளி கிடையாது, ஜெயித்தவர் தோற்றவர் கிடையாது. தொந்தி வைத்த அறுபது வயதுக்காரர் ஒருவர், தனக்கு எட்டாத பந்துக்கு உடலை முழுதாகக் காற்றில் வீசி, விரல் நுனியால் தொட்டு எழுப்பிவிட்டு, வயிறு அடிபட நீரில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். எழுந்ததும் அவர் பந்தைத் தேடவில்லை, தம் தாவலைக் கரையில் யார் யார் பார்த்தார்கள் என்று தேடினார். புத்தாண்டன்று குளிரிலும் ஆடுவார்களாம். மகளை இங்கே விட்டுவிட்டால் மாலைவரை கேள்வி கேட்கமாட்டாள்.

ஸ்ப்ளிட்டில் இருந்தபடியே மூன்று பகல் பயணங்கள் போகலாம். ட்ரோகிர் மிக அருகில், முப்பது கிலோமீட்டருக்குள். பாலத்தால் இணைந்த குட்டித் தீவு. அரை நாள் போதும். 1240-இல் ரதோவான் என்ற சிற்பி செதுக்கிய தேவாலய வாயிலை மட்டும் அவசரமில்லாமல் பாருங்கள். ஆதாம், ஏவாள், புனிதர்கள் ஒருபுறம் இருக்க, பன்றி அடிப்பவர், தோல் பதனிடுபவர் என்று மாதவாரியாக ஊராரின் வேலைகளையும் கதவு நிலையிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்.

ஷிபெனிக் எனக்கு மிகப் பிடித்த ஊர். ஸ்ப்ளிட்டிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை, இரண்டு மணி நேரம். மற்ற ஊர்கள் கிரேக்கர், ரோமர் என்று பழம்பெருமை பேசும். இது குரோஷியர்களே எழுப்பிய ஊர், 1066-இல்தான் முதன்முதலாக ஆவணத்தில் பெயர் வருகிறது. இங்குள்ள புனித யாக்கோபு பேராலயத்தை 1431-இல் தொடங்கிக் கட்டி முடிக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. செங்கல் இல்லை, மரம் இல்லை, கூரை உட்பட முழுக்கக் கல். தச்சர் பலகையைப் பொருத்துவதுபோலக் கற்பலகைகளை ஒன்றோடொன்று கோத்திருக்கிறார்கள். 1441-இல் பொறுப்பேற்ற யூராய் டால்மாட்டினாட்ஸ், பின்புறச் சுவரைச் சுற்றி எழுபதுக்கு மேற்பட்ட மனிதத் தலைகளைச் செதுக்கினார். அரசர்களும் இல்லை, புனிதர்களும் இல்லை. அன்றைக்குத் தெருவில் நடமாடிய முகங்கள். ஒருவர் சலிப்போடு பார்க்கிறார், ஒருவர் வாயைப் பிளந்திருக்கிறார், தலைப்பாகை கட்டியவரும் உண்டு. கோயில் கட்டப் பணம் தராத கஞ்சர்களைத்தான் இப்படிக் கேலியாகச் செதுக்கிவிட்டார் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, நன்கொடை வசூலுக்கு நல்ல உத்திதான்.

ஷிபெனிக்கோடு சேர்த்துக் கிர்கா அருவிகளையும் பார்க்கலாம். ஸ்க்ராதின் என்ற சிற்றூரிலிருந்து படகில் போனால் அம்மாவுக்கு நடை குறையும். பழைய பயணக் குறிப்புகளில் அருவியடியில் நீந்தும் படங்கள் நிறைய இருக்கும். அதை நம்பி நீச்சலுடையோடு போகவேண்டாம். 2021 ஜனவரியிலிருந்து ஸ்க்ராதின் அருவியில் குளிக்கத் தடை.

மூன்றாவது, ஹ்வார் தீவு. படகு நிலையத்துக்குப் போனதும் அறிவிப்புப் பலகையில் 'கட்டமரான்' என்று எழுதியிருக்கும். நம் கட்டுமரம்தான், ஆங்கிலம் வழியாகச் சுற்றிவந்து குரோஷிய மொழியில் விரைவுப் படகுக்குப் பெயராகிவிட்டது. இதில் ஒரு பொடி விஷயம் இருக்கிறது. தெரியாமல் நானே மாட்டிக்கொண்டேன். கட்டமரான் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஹ்வார் நகரத்துக்குப் போகும். கார் ஏற்றும் பெரிய கப்பலோ இரண்டு மணி நேரத்தில் ஸ்டாரி கிராத் என்ற வேறோர் ஊருக்குப் போகும். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். "ஹ்வார்" என்று சொல்லிக் கையில் கிடைத்த டிக்கெட்டில் ஏறிய நான், இரவு ஒன்பது மணிக்கு ஸ்டாரி கிராத்தின் இருட்டுத் துறையில், கடைசி பஸ்ஸின் பின்விளக்கைப் பார்த்தபடி நின்றேன். டாக்ஸிக்குக் கொடுத்த தொகை கப்பல் கட்டணத்தைப்போல் பல மடங்கு.

நின்ற பாவத்துக்கு மறுநாள் ஸ்டாரி கிராத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஹ்வார் நகரத்தைவிட அதுவே மனதில் தங்கியது. கி.மு. 384-இல் பரோஸ் தீவுக் கிரேக்கர்கள் வந்து குடியேறிய இடம். ஊருக்கு வெளியே உள்ள சமவெளியை அவர்கள் நூல் பிடித்தாற்போல் வயல்களாகப் பிரித்தார்கள். அதே வரப்பில், அதே கல் வேலிக்குள், இருபத்து நான்கு நூற்றாண்டுகளாகத் திராட்சையும் ஒலிவமும் விளைகின்றன. ஹ்வார் நகரமும் அழகுதான். 1612-இல் கட்டிய அரங்கம் அங்கே இருக்கிறது, 1868-இலேயே நலவாழ்வுச் சங்கம் ஒன்றை அமைத்து வெளியூர் விருந்தினரை வரவேற்கத் தொடங்கிய ஊர். இப்போது பணக்காரர்களின் சொகுசுப் படகுகளும் இரவுக் கூத்துமாக மாறிவிட்டது. அம்மாவோடும் மகளோடும் போகும் உங்களுக்கு ஒரு பகல் போதும்.

இந்தத் திட்டத்தில் ஸாடருக்கு இடம் இல்லாதது எனக்கே வருத்தம். கடலோரப் படிக்கட்டுக்கு அடியில் 35 குழாய்களைப் பதித்து, அலை தள்ளும் காற்றால் இசை எழும் 'கடல் ஆர்கனை' 2005-இல் அங்கே அமைத்தார்கள். வானிலை கெட்டுப் படகுகள் நின்றுபோனால் அதை மாற்றுத் திட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் சுமார் மூன்று மணி நேரம்.

வானிலை என்றதும் காற்றுகளைச் சொல்லியாகவேண்டும். மூன்று பெயர்கள் காதில் விழும். 'மேஸ்ட்ரால்' பிற்பகலில் கடலிலிருந்து வரும் இதமான காற்று. 'பூரா' மலையிலிருந்து குளிர்ந்து பாய்ந்து இறங்கும் வடகிழக்குக் காற்று. பலமாக அடித்தால் பாலங்களைக்கூட மூடிவிடுவார்கள். 'யூகோ' ஈரத்தோடும் மேகத்தோடும் வரும் தென்கிழக்குக் காற்று. அது வீசும் நாளில் ஊரில் எல்லோருக்கும் தலைவலி, எரிச்சல். பழைய டுப்ரோவ்னிக் குடியரசில் யூகோ அடிக்கும்போது முக்கிய முடிவு எதையும் எடுக்கமாட்டார்கள் என்று கூடச் சொல்வதுண்டு. உங்களுக்கு இதில் கவனிக்கவேண்டியது ஒன்றுதான்: காற்று வலுத்தால் கட்டமரான் ஓடாது. ஆகவே விமானம் ஏறும் நாளன்று காலையில் தீவிலிருந்து கிளம்பும்படி ஒருபோதும் திட்டமிடாதீர்கள்.

கோர்ச்சுலாவுக்கு ஸ்ப்ளிட்டிலிருந்து படகில் இரண்டரை மணி நேரம் போல ஆகும். இந்த ஊரைக் கட்டியவர்களுக்குக் காற்றின் குணம் முழுதும் தெரிந்திருந்தது. மீன் முள்ளைப்போல நடுவே ஒரு முதுகுத்தெரு, இருபுறமும் கிளைத்தெருக்கள். மேற்குப் பக்கத் தெருக்கள் நேராக ஓடும், கோடைக்கால மேஸ்ட்ரால் உள்ளே வர. கிழக்குப் பக்கத் தெருக்கள் சற்று வளைந்திருக்கும், பூரா நேரே பாய்ந்துவிடாமல் இருக்க. மின்விசிறி இல்லாத காலத்தில் போட்ட கணக்கு. இன்று பிற்பகல் மூன்று மணிக்கு மேற்குத் தெரு ஒன்றின் படியில் உட்கார்ந்தால் அந்தக் கணக்கு முகத்தில் வந்து வீசும். எல்லாத் தெருவிலும் படிகள் உண்டு, ஒன்றைத் தவிர. மதிலையொட்டிய அந்தத் தெருவுக்குப் 'சிந்தனைத் தெரு' என்று பெயர். படியைப் பார்த்துக் கால் வைக்கவேண்டிய கவலை இல்லாததால் யோசித்துக்கொண்டே நடக்கலாமாம். அம்மாவின் மாலை நடைக்கு அதுதான் தெரு.

மார்கோ போலோ பிறந்த வீடு என்று ஒரு கோபுரத்தைக் காட்டிக் காசு கேட்பார்கள். அவர் அங்கே பிறந்ததற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. ஆனால் 1298-இல் ஜெனோவாவும் வெனிஸும் மோதிய பெரிய கடற்போர் இந்தத் தீவை ஒட்டித்தான் நடந்தது. அதில்தான் அவர் பிடிபட்டார் என்பது மரபாகச் சொல்லப்படுவது. ஜெனோவாச் சிறையில் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட பயணக் குறிப்புகளில்தான் பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பும் காயல் துறைமுகமும் வருகின்றன. காயலைப் பார்த்துவிட்டுப் போன மனிதருக்காகக் கோபுரத்துக்குக் கட்டணம் தருவதா என்பது உங்கள் விருப்பம். நான் தரவில்லை, வெளியே நின்று வணக்கம் வைத்துவிட்டு வந்தேன்.

அங்கிருந்து டுப்ரோவ்னிக்குக் கோடைப் பருவத்தில் கட்டமரான் உண்டு, இரண்டு மணி நேரம் போல. படகு கிடைக்காவிட்டால் பஸ். பஸ் என்றதும் விசாவைப் பற்றிச் சொல்லவேண்டும். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா போதுமான ஷெங்கன் பகுதியிலும் யூரோ நாணயத்திலும் சேர்ந்துவிட்டது. தனி குரோஷிய விசா, குனா நாணயம் என்று இணையத்தில் கிடக்கும் குறிப்புகளை ஒதுக்குங்கள். உங்கள் பயணம் முழுதும் குரோஷியாவில்தான் என்பதால் விண்ணப்பமும் அந்த நாட்டுக்கே. கையில் கிடைப்பது ஒருமுறை நுழைவு விசாவா, பலமுறை நுழைவு விசாவா என்று வாங்கிய உடனே பாருங்கள். ஒருமுறை நுழைவு என்றால், தெருவுக்குத் தெரு கூவி விற்கும் மோஸ்தார், கோட்டோர் பகல் சுற்றுலாக்களைத் தொடவே கூடாது. முதலாவது போஸ்னியா, இரண்டாவது மான்டிநீக்ரோ. எல்லையைத் தாண்டினால் திரும்பி உள்ளே வர முடியாது.

இதில் ஒரு பொறி உண்டு. ஸ்ப்ளிட்டுக்கும் டுப்ரோவ்னிக்குக்கும் நடுவே, நெயும் என்ற இடத்தில் சுமார் இருபது கிலோமீட்டர் கடற்கரை போஸ்னியாவுக்குச் சொந்தம். அங்கேதான் சிங்கக் கணக்குக்கும் விடை இருக்கிறது. டுப்ரோவ்னிக், ரகூசா என்ற பெயரில் நானூற்றைம்பது ஆண்டு தன்னாட்சிக் குடியரசாக இருந்தது. துருக்கியருக்குக் கப்பம் கட்டி வணிகம் செய்தது. அதன் பெரும் பயம் வெனிஸ். துருக்கியர் வெனிஸோடும் பிறரோடும் செய்த 1699 சமாதான ஒப்பந்தத்தை ஒட்டித் தன் நிலத்தின் இரு ஓரங்களிலும் ஒரு துண்டை வெட்டித் துருக்கியருக்கே கொடுத்துவிட்டது, வெனிஸுக்கும் தனக்கும் பொதுவான எல்லையே இருக்கக்கூடாது என்று. வடக்கு ஓரத்துத் துண்டுதான் இன்றைய நெயும். வெனிஸ் சிங்கம் டுப்ரோவ்னிக்கில் நிலைக்காமல் போனதற்கு இந்த மாதிரி ராஜதந்திரம்தான் காரணம். பின்னால் வந்த பயணிகள் ஒரே பஸ் பயணத்தில் இரண்டு எல்லைச் சாவடிகளில் நின்றதற்கும் அதுவே காரணம். 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்தபின் சொந்த நாட்டுக்குள்ளேயே போய்விடலாம். ஆனாலும் டிக்கெட் எடுக்கும்போது "பாலம் வழியா, நெயும் வழியா?" என்று கேட்டுவிடுங்கள்.

டுப்ரோவ்னிக்கில் மதில்தான் முதல் வேலை. 1,940 மீட்டர் சுற்று, சில இடங்களில் 25 மீட்டர் உயரம். கட்டணம் ஒருவருக்கு 40 யூரோ அளவுக்கு வந்துவிட்டது. அதே விலையை ஒட்டியே ஒருநாள் நகர அட்டையும் கிடைக்கும். மதில், அருங்காட்சியகங்கள், நகர பஸ் எல்லாம் அதில் அடக்கம். அதை வாங்குங்கள். திறந்ததும் முதல் ஆளாக ஏறிவிடவேண்டும். பத்து மணிக்கு மேல் நிழல் இல்லை, வரிசை நகராது. அம்மா வேண்டாம், படிகள் அதிகம். பிரதான வீதியான ஸ்ட்ராதூனில் 1438-ஐச் சேர்ந்த ஓனோஃப்ரியோ நீரூற்றின் படியில் உட்கார்த்திவிட்டு, நீங்கள் மூவரும் போய் வாருங்கள்.

மேலே நின்று கூரைகளைப் பாருங்கள். மங்கிய பழுப்பு ஓடுகள் கொஞ்சம், பளிச்சென்ற செம்மஞ்சள் ஓடுகள் அதிகம். புதியவை, யூகோஸ்லாவியா உடைந்தபோது நடந்த 1991–92 முற்றுகையில் குண்டு விழுந்த வீடுகளுக்கு மாற்றியவை. பழைய நகரத்தின் கட்டடங்களில் மூன்றில் இரண்டு பங்கு அடிவாங்கியது. 1991 டிசம்பர் 6 அதில் மிகக் கொடிய நாள். விளக்கப் பலகையைவிட அந்த ஓடுகளே கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிடும். கீழே ஸ்ட்ராதூனில் வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தாற்போல் இருப்பதும் இன்னொரு பேரழிவின் தடம்: 1667 நிலநடுக்கத்துக்குப் பின் ஒரே திட்டத்தில் திரும்பக் கட்டியவை.

மாலையில் கிழக்கு வாயிலுக்கு வெளியே லாசரெட்டிப் பக்கம் நடந்து பாருங்கள். கொள்ளைநோய் உள்ள ஊரிலிருந்து வருகிறவர் ஒரு மாதம் தனித்திருந்த பிறகே நகருக்குள் வரலாம் என்று 1377-லேயே சட்டம் போட்ட ஊர் இது. இந்தக் கட்டடங்கள் பின்னால் அதற்கென்றே எழுந்தவை. கொரோனா நாட்களில் பதினான்கு நாள் அறைக்குள் கிடந்த நமக்கு, அந்த நீண்ட கல் அறைகளைப் பார்த்தால் கொஞ்சம் உறவு தோன்றத்தான் செய்கிறது.

இரண்டாம் நாள் லோக்ரும் தீவு. துறையிலிருந்து கால் மணி நேரப் படகு. மயில்கள், மரநிழல், பாறைக் குளியல். இரவு யாரும் தங்க அனுமதி இல்லை, கடைசிப் படகின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அறையை மட்டும் மதிலுக்குள் எடுக்காதீர்கள். விலை அதிகம், வடக்குப் பக்கத் தெருக்கள் ஏணிபோல் ஏறும். 1991-இல் உள்ளே ஐயாயிரம் பேர் போலக் குடியிருந்தார்கள்; இன்று ஆயிரத்து ஐந்நூறு தேறுமா என்பதே சந்தேகம். மற்றவை விருந்தினர் அறைகளாகிவிட்டன. படகுத்துறை உள்ள க்ரூஷ் பகுதியில் தங்கினால் வாடகை குறைவு, நகர பஸ்ஸும் வாசலில்.

இனி அம்மாவின் சாப்பாடு. மூன்று ஊர்களிலும் சமையலறையோடு கூடிய 'அபார்ட்மானி' எடுங்கள். அரிசி, தயிர், காய்கறி எங்கும் கிடைக்கும். ரசப்பொடியும் ஊறுகாயும் நீங்கள் கொண்டுபோனால் போதும். வெளியே சாப்பிட 'பிளிட்வா' கேளுங்கள்: ஒருவகைக் கீரையையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்து, பூண்டும் ஒலிவ எண்ணெயும் விட்டுப் பிரட்டியது. நம் கீரை மசியலுக்குத் தூரத்துச் சொந்தம். மீனுக்குத் துணையாகத்தான் பட்டியலில் இருக்கும், தனியாகவும் தருவார்கள். 'சோபார்னிக்' இன்னும் நல்லது. மெல்லிய இரண்டு மாவுத் தகடுகளுக்கு நடுவே அதே கீரையும் வெங்காயமும் வைத்து, அடுப்புத் தணலில் சுட்டு, மேலே பூண்டு எண்ணெய் தடவிச் சாய்சதுரமாக வெட்டித் தருவார்கள். ஸ்ப்ளிட்டின் மலைப்புறக் கிராமங்களின் பலகாரம். ரிசோட்டோ என்ற குழைந்த சோற்றை மட்டும் நம்பவேண்டாம். காய்கறி ரிசோட்டோவிலும் மீன் வேகவைத்த சாறு கலந்திருக்கலாம். "பெஸ் மேஸா, பெஸ் ரிபே" என்று சொல்லப் பழகுங்கள்: இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல். நீங்கள் மீன் சாப்பிடுவீர்கள் என்றால், பட்டியலில் போட்டிருக்கும் விலை பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு, தட்டுக்கு அல்ல. சுடுவதற்கு முன் எடை போட்டுக் காட்டச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

சில்லறைச் செய்திகள். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். பஸ்ஸில் அடியில் வைக்கும் பெட்டிக்குத் தனியாக ஒன்றிரண்டு யூரோ கேட்பார்கள், காசாக வைத்திருங்கள். சுற்றுலாத் தெருக்களில் நிற்கும் தனியார் பண இயந்திரங்கள் கட்டணம் அதிகம் பிடிக்கும்; ரூபாயில் கணக்கிடட்டுமா என்று திரையில் கேட்டால் மறுத்து யூரோவையே தேர்ந்தெடுங்கள். நீச்சலுடையோடு ஊருக்குள் நடந்தால் ஸ்ப்ளிட்டிலும் ஹ்வாரிலும் அபராதம். பழைய ஊர்களின் தெருக்கல் நூற்றாண்டுக்கணக்கில் தேய்ந்து கண்ணாடிபோல் மின்னும், தூறல் விழுந்தால் எண்ணெய் கொட்டியதுபோல் வழுக்கும். அம்மாவுக்குத் தேய்ந்த செருப்பு வேண்டாம். நல்ல பிடிப்புள்ள கான்வாஸ் ஷூ போடச் சொல்லுங்கள், புடவைக்குப் பொருந்தவில்லை என்று முதல் நாள் முணுமுணுத்தாலும் இரண்டாம் நாள் கழற்றமாட்டார்.

கடைசி நாள் விமான நிலையத்துக்கு பஸ்ஸில் போவதாக இருந்தால் சற்று முன்னதாகவே ஏறி வலப்பக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள். பழைய நகரத்தைத் தாண்டியதும் சாலை மலையோரமாக மேலேறும். மதிலும் கூரைகளும் துறைமுகமும் லோக்ருமும் ஒருசேரக் கீழே தெரியும். இரண்டு மூன்று வளைவுவரைதான். மகளுக்கு அந்த இருக்கையைக் கொடுங்கள்.